பெயர்கள் ஓடும்போது எழுந்துபோனவர்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறார் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். வீடியோ விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவது அவர் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காத உறவுக்காரர் ஒருவர் பாக்கியில்லை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், "ஆமா, விளையாடிட்டுத்தான் சம்பளம் வாங்குறேன். வயிறு எரிஞ்சா தண்ணி குடிங்க" என்று ஒரே போடாகப் போட ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீடுகளில் அவர் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாக இருப்பதற்கு இந்த வாய்தான் காரணம்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மனிதர் நெருப்பு. பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதில் அவரிடம் தயவு தாட்சண்யமே கிடையாது. கம்பெனிக்காரர்கள் பரிசுப்பை அனுப்பினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவார். அவர் ஏழு போட்டால் அந்தக் கம்பெனியில் கேக் வெட்டுவார்கள் என்று பேச்சு. மற்ற விமர்சகர்களும், வெளியில் என்னதான் நக்கலடித்தாலும், தங்கள் மார்க்கைப் போடுவதற்கு முன் கறார் என்ன போட்டார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் பூரித்துப்போவார். வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதையும் ஒரு கண்ணியமாகவே நினைத்திருந்தார்.

ஜன்னலோரம் அவர் மேஜை. இரண்டு திரை, ஒரு பக்கம் கை ஒடிந்த நாற்காலி, கட்டைவிரல் பட்டுப் பட்டு ரப்பர் வழுவழுத்துப்போன கண்ட்ரோலர். அந்தக் கட்டைவிரலுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளையாட்டின் கடைசி எதிரி விழுந்ததும் திரை இருளும், அதைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடத் தொடங்கும். வரைந்தவர், இசை போட்டவர், கணக்குப் பார்த்தவர் என்று அது பாட்டுக்கு ஓடும். கறாரின் விரல் உடனே பொத்தானை அழுத்திப் பெயர்களைத் தாண்டிவிடும். விமர்சனம் அதற்குள் மனதில் பாதி எழுதி முடிந்திருக்கும், கொடுக்க வேண்டிய கெடு கழுத்தில் இருக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் செய்வதுதான். முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுப்பது மாதிரி யோசிக்காமல் நடக்கிற காரியம். அதில் ஒரு தப்பு இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. பத்து வயது இளையவள். அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் அவளைத் தூக்கிச் சுமந்து வளர்த்ததில் பாதி இவர்தான். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். படம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் அவளை மடியில் உட்கார்த்தி, திரையில் ஓடுகிற பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவார். "இவரு விளக்கு புடிச்சவரு. இவங்க துணி தைச்சவங்க. இவ்ளோ பேரு உனக்காக வேலை பாத்திருக்காங்க, அவங்க பேரைக் கேக்காம எழுந்து போனா நல்லாவா இருக்கும்?" என்பார். கூட்டிப் பெருக்குகிறவர் வந்து, "தம்பி, படம் முடிஞ்சு போச்சுப்பா, எழுந்திரிங்கப்பா" என்று துடைப்பத்தால் நாற்காலியைத் தட்டும்வரை இரண்டு பேரும் அசைய மாட்டார்கள். அப்போது அவரை யாரும் கறார் என்று கூப்பிடவில்லை. அதெல்லாம் பின்னால் வந்தது.

அந்தத் தங்கை வளர்ந்து, விளையாட்டுகளுக்குக் கதை எழுதுகிறவள் ஆனாள். டயர் கடைக்கு மேலே மாடியில் இயங்குகிற சின்னக் கம்பெனி. கைவிரல் விட்டு எண்ணிவிடலாம், அத்தனை ஆட்கள்தான். வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒரே விளையாட்டைச் செய்தார்கள். பெயர் 'விடியாத விடுதி'. ஒரு மலை விடுதியில் துப்பறிகிற பெண் ஒருத்தி கண் விழிக்கிறாள். அன்று மாலை விடுதி முதலாளி கொலையாகிறார். கொலையாளியைத் துரத்திப் படிக்கட்டிலும் சமையலறையிலும் சண்டை போட்டு அவளும் சாகிறாள். செத்ததும் அதே காலை, அதே படுக்கை, அதே கதவு தட்டும் சத்தம். ஆள் யார் என்று கண்டுபிடிக்கும்வரை அந்த ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

கடைக்கு வரும் முன்பே அனுப்புகிற விமர்சனப் பிரதி ஆபீசுக்கு வந்தபோது ஆசிரியர் கறாரைக் கூப்பிட்டார்.

"இது உங்க தங்கச்சி எழுதினது இல்லையா? வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமா?"

"ஏன் சார், என்மேல நம்பிக்கை இல்லையா? பாசம் வேற, மார்க்கு வேற."

"அதுக்கில்லை..."

"நானே எழுதுறேன். தங்கச்சின்னு போட்டே எழுதுறேன். படிக்கிறவங்க பாத்துக்கட்டும்."

எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீம்பு யாரை விட்டது! பிரதியோடு கம்பெனிக்காரர்கள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார்கள். "தயவுசெய்து அவசரப்படாமல் முடிவு வரை ஆடுங்கள்." அவ்வளவுதான் அதில். கறாருக்கு அதைப் பார்த்ததும் சுருக்கென்றது. எனக்கே பாடமா என்று கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

ஆடினார். உண்மையைச் சொல்ல வேண்டும், ஆடும்போது அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு சமையலறைச் சண்டையில் சிரித்தேவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். தங்கச்சி விளையாட்டுக்குப் பல்லிளிக்கிறார் என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிட்டால்? அன்றிலிருந்து குறை தேடியே ஆடினார். கடைசியில் மொட்டைமாடியில் முகமூடிக்காரன் ஒருவனோடு பெரிய சண்டை. அவன் விழுந்தான், துப்பறிகிற பெண் அவன் முகமூடியில் கை வைத்தாள், முகம் தெரிவதற்குள் திரை இருண்டது. பெயர்கள் ஓடத் தொடங்கின. விரல் பொத்தானை அழுத்தியது. விளையாட்டின் முதல் பக்கம் வந்து நின்றது.

"அவ்ளோதானா? கொலை பண்ணினது யாருன்னே சொல்லலையே!" என்று கறார் வாய்விட்டுச் சொன்னார். அவருக்கு ஒரு பக்கம் ஏமாற்றம். இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு நிம்மதி. கறாராக இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

பத்துக்கு நாலு போட்டார். விமர்சனத்தை இப்படித் தொடங்கினார்: "இந்தக் கதையை எழுதியவர் என் தங்கை. அதனால் கூடுதல் கண்டிப்போடு ஆடினேன்." முடிவில் ஒரு வரி வைத்தார்: "கொலையாளி யார் என்று எழுதியவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது." அந்த ஒரு வரி பிய்த்துக்கொண்டு போனது. விளையாட்டை வாங்காதவர்கள்கூட அதை எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். கூடப்பிறந்தவளுக்கே நாலு போட்டார் பார், இவரல்லவா மனிதர் என்று வாசகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மற்ற விமர்சகர்களும் ஐந்து, நாலரை, நாலு என்று வரிசையாக இறங்கினார்கள். அவர்களும் பெயர்களைத் தாண்டியவர்கள்தான். கறாரே புரியவில்லை என்கிறபோது நமக்கென்ன என்று தைரியமும் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் தங்கை போன் செய்தாள். கறார் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை ஈரம் என்பதால் அவர் மனைவிதான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சேண்ணா," என்றாள் தங்கை. குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"மனசுல வச்சுக்காதம்மா. வேலைன்னா வேலை."

"சேச்சே, அதுக்குப் போன் பண்ணலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பேரெல்லாம் பாத்தியாண்ணா?"

கறார் ஒரு கணம் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன் பெயர் வந்ததை அண்ணன் பார்த்தானா என்று ஆசையாகக் கேட்கிறாள் போல என்று நினைத்தார். நாலு மார்க்கும் போட்டுவிட்டு அவள் பெயரைக்கூடப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"பாக்காம? பாத்தேன் பாத்தேன். உன் பேரு நல்லாப் பெரிசா வந்துச்சு."

தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"சரிண்ணா," என்றாள். "அண்ணிகிட்ட கேட்டதாச் சொல்லு." அண்ணி போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டாள்.

பிறகு தூங்குமூஞ்சி வந்தார். அது அவருக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர். தான் விளையாடுவதை ஊருக்கே நேரலையாகக் காட்டுகிற ஆள். பகலிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்தபடி தூங்கிவிழுவார், அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். அவரும் 'விடியாத விடுதி'யை ஆடினார். மொட்டைமாடிச் சண்டை முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், வழக்கம்போலத் தலை தொங்கிவிட்டது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. பெயர்கள் பாட்டுக்கு ஓடி முடிந்தன. திரை கறுப்பாக நின்றது. பிறகு கதவு தட்டும் சத்தம். அதே காலை, ஆனால் வேறு அறை. இந்தத் தடவை கண் விழித்தது துப்பறிகிற பெண் அல்ல, மாலையில் கொலையாகப்போகிற விடுதி முதலாளி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "எழுந்திரு, எழுந்திரு" என்று எழுதித் தள்ளினார்கள். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விளையாட்டின் மறுபாதி அங்கேதான் இருந்தது. அதே நாளை, சாகப்போகிறவரின் கண்ணால் வாழ வேண்டும். யார் கதவைத் தட்டுகிறார், யார் காப்பியைக் கொண்டுவருகிறார், முகமூடிக்குள் யார், எல்லாம் அங்கே வரிசையாக வந்துவிடுகிறது. பெயர்களைப் பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும்படி செய்திருந்தார்கள். இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் விளையாட்டே இல்லை. அதனால்தான் அத்தனை பேர் திட்டியும் டயர் கடை மாடிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் என்ன, விமர்சகர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு பல்டி அடித்தார்கள். "இரண்டாம் பார்வையில் இதன் ஆழம் புலப்படுகிறது" என்றார் ஒருவர். முதல் பார்வையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று அவர் எழுதவில்லை. ஐந்து ஒன்பதாயிற்று, நாலரை பத்தாயிற்று.

கறாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். அவர் வந்தால் பேச்சு கப்சிப் என்று நின்றது. ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு, "பேசாம மார்க்கை மாத்திடுங்க. மறுபார்வைன்னு நாலு வரி எழுதிட்டாப் போதும். பூசி மெழுகிடலாம்" என்றார்.

கறார் பிரதியை வீட்டுக்கு எடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, முதலிலிருந்து ஆடினார். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். தங்கையின் பெயர் வந்தது. பெரிசாக இல்லை. மற்றவர்கள் பெயர் அளவுக்கே, நடுவில் ஓரிடத்தில், சின்ன எழுத்தில் வந்து போயிற்று. கடைசியில் வந்தது டயர் கடைக்காரருக்கு ஒரு நன்றி. அதன் பிறகு கதவு தட்டும் சத்தம்.

மத்தியானம் மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி வாசலில் நின்று பார்த்தாள். அங்கேதான் அவளுக்கு வேலை.

"இதுதான் அந்த இடமா?"

"ம்."

"அன்னைக்குப் போன்ல முழுசாப் பாத்தேன்னீங்களே."

கறார் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"நாலு மார்க்கு போட்டதைக்கூட விடுங்க. அவ அப்படிக் கேட்டப்ப பொய் சொன்னீங்க பாருங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் அவள். "நான் சொல்லிக்காட்டணும்னு சொல்லலை. யாராவது சொல்லணும் இல்ல?" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. அன்று உட்கார்ந்து எழுதினார், பூசி மெழுகவில்லை. "நான் பெயர்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் மார்க் போட்டேன். எழுதியவருக்கே தெரியவில்லை என்று சொன்னேன், தெரியாமல் இருந்தது எனக்குத்தான்." பத்துக்கு ஒன்பது என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டார். மார்க் போடுகிற யோக்கியதை இந்த ஒரு விளையாட்டுக்குத் தனக்கு இல்லை என்று முடித்தார்.

அடுத்த நாள் என்ன நடந்தது தெரியுமா? மறுபடியும் கைதட்டினார்கள்! இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்றார்கள். அன்று நாலு போட்டதற்குத் தூக்கி வைத்து ஆடிய அதே கூட்டம், இன்று தப்பை ஒப்புக்கொண்டதற்கு இன்னும் உயரத் தூக்கிற்று. பழைய நாட்களாக இருந்தால் பூரித்திருப்பார். இப்போது ஒவ்வொரு பாராட்டும் முதுகில் அறைவது போல இருந்தது. ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. போனில் சொன்ன பொய் அதில் எங்கேயும் இல்லை. அது ஊருக்குச் செய்ததும் இல்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது. அவள் கட்டிலில் மலையாகக் குவிந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா. என்ன, சொல்லாம கொள்ளாம? சாப்பிட்டியா?"

"ஆச்சு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு துண்டை எடுத்தார். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

"படிச்சேன். நல்லா எழுதியிருந்தே," என்றாள். "எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம்."

"அதுல ஒண்ணை எழுதலை."

"என்னது?"

"அன்னைக்கு நீ கேட்டியே. பேரெல்லாம் பாத்தியான்னு." துண்டின் மடிப்பை நேராக்கினார். "பாக்கலைம்மா. பாக்காமலேதான் பாத்தேன்னு சொன்னேன்."

அவள் தலையணை உறையின் நான்கு மூலையையும் சேர்த்து நீவினாள்.

"தெரியும்ணா."

"எப்பவே?"

"நீ எழுதினதைப் படிச்சதுமே. பேர் முழுசா ஓடியிருந்தா நீ அப்படி எழுதியிருக்கவே முடியாதே. அதுக்குக்கூட நான் ஒண்ணும் நினைக்கலை. வேலை அவசரம், எல்லாரும்தான் தாண்டிட்டாங்க. அதனாலதான் போன் பண்ணேன். பாக்கலைம்மான்னு நீ சொல்லியிருந்தா, ஒரே ஒரு தடவை முழுசாப் பாருண்ணான்னு சொல்லலாம்னு இருந்தேன். உனக்காகத்தான். யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி நீயே மாத்தி எழுதிக்கலாம்னு. நீ பாத்துட்டேன்னுட்டே. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

கறாரால் தலையைத் தூக்க முடியவில்லை.

"இப்ப பாத்துட்டேன்," என்றார் மெதுவாக. "கடைசிப் பேர் வரைக்கும் பாத்தேன். டயர் கடைக்காரருக்கு நன்றி போட்டிருந்தீங்களே, அது வரைக்கும்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"முன்னாடி அது கடைசி இல்லண்ணா. உனக்கு முதல்ல அனுப்பினோமே, அதுல அதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி இருந்துச்சு. விளையாட்டு கடைக்கு வந்ததும் ஒரு அப்டேட் போட்டோம். அதுல எடுத்துட்டேன். உன் மெஷின்லயும் தானா மாறியிருக்கும்."

"என்ன வரி?"

அவள் எழுதியதை எழுதியபடியே சொன்னாள். "பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த என் அண்ணனுக்கு."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பிப் போயிற்று.

"என்மேல கோவத்துல எடுத்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்றிருந்தது அவருக்கு.

"கோவமா? இல்லண்ணா. கடைசி வரைக்கும் உக்காந்து பாக்குறவங்க கண்ணுலதான் அந்த வரி படும். அவங்களுக்கு நீ உக்காரலைன்னும் தெரிஞ்சுடும். படிச்சிட்டு உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க. அன்னைக்கு உன்கிட்ட பேசிட்டுப் போனை வச்சதும் அதான் முதல் வேலையா எடுத்தேன்."

திருப்பிப் போடுவியா என்று கேட்க வாய் வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அவர் கேட்கவில்லை.

"டீ போடட்டுமாண்ணா?"

"போடும்மா," என்றார். அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. கறார் மடித்து வைத்த துண்டையே எடுத்துப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.